பாட்டரி செத்த பிறகு எங்கே போகிறது?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மலர்க் குழுவினர் அதிகம் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள்.)



செயலாளர் என்னைப் போனில் கூப்பிட்டு, "ஆப்பிரிக்காவிலே இருக்கே. சிங்கம், யானை, விக்டோரியா நீர்வீழ்ச்சின்னு ஏதாவது பேசு, பசங்க ரசிப்பாங்க" என்றார். படங்கள் கொண்டுவந்திருக்கிறேன், சாயங்காலம் காட்டுகிறேன். இப்போது எனக்குக் கொடுத்திருக்கும் இருபது நிமிஷத்தில் வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆப்பிரிக்க நகரங்களில் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியிருக்கும் ஈயம். எலக்ட்ரிகல் படித்தவனுக்கு ரத்தத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த ஈயத்தில் ஒரு பங்கு நம் டிபார்ட்மெண்ட் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

நான் 2010-ல் இங்கிருந்து வெளியேறியவன். எட்டு வருஷமாக ஜாம்பியா நாட்டின் தலைநகர் லுசாகாவில் இருக்கிறேன். செல்போன் கோபுரங்களுக்கு மின்சாரம் கொடுப்பது என் வேலை. கரண்ட் போனால் கோபுரம் நிற்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு கோபுரத்தின் கீழும் 48 வோல்ட் பாட்டரி வரிசை ஒன்று இருக்கும். இரண்டு வோல்ட் செல்கள் 24. ஒரு செல் 35, 40 கிலோ. எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதிக்கு மேல் ஈயம். நம் லேபில் கண்ணாடி ஜாடியில் வைத்துக் காட்டிய அதே லெட் ஆசிட் செல்தான், பெயர்தான் பெரிசு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசச் சொன்னதும், ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் வெள்ளீயம். நான் பேசுவது காரீயம். சொம்பு செய்கிறவர் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்தால் ரசத்தோடு அதுவும் இறங்கும், அது தனிக் கதை. பென்சிலுக்குள் இருப்பது இரண்டும் இல்லை, கிராஃபைட். இனி நான் ஈயம் என்றால் காரீயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி 11.34, உருகுநிலை 327 டிகிரி. இந்த 327-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்துபோகிறது. எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது, பல வருஷம் அங்கேயே இருக்கும். மூளை நரம்புகளில் கால்சியம் செய்ய வேண்டிய வேலையில் இது புகுந்து கெடுக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நாலைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் மோசம், அதாவது ஏழைக் குழந்தைக்கு இன்னும் மோசம். போதாததற்கு, தவழ்கிற வயசில் கையும் வாயும் ஒன்றுதான். அளவு மிகவும் ஏறினால் வலிப்பு வரும், உயிர் போகும். குறைவாக இருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. பிள்ளை கொஞ்சம் மந்தமாகப் படிக்கும், கோபம் அதிகம் வரும், வாத்தியார் மக்கு என்பார். யாரும் ஈயத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது அவர்களுடைய 2021 வழிகாட்டுதல். இந்த 5 எவ்வளவு சின்னது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வயசுக் குழந்தையின் உடம்பில் சுமார் ஒரு லிட்டர் ரத்தம் இருக்கும். அப்படியானால் அதில் இருக்கும் ஈயம் 50 மைக்ரோகிராம். ஒரு கார் பாட்டரியில் சுமார் பத்து கிலோ ஈயம். பத்து கிலோவை 50 மைக்ரோகிராமால் வகுத்தால் இருபது கோடி. ஒரே ஒரு பாட்டரியில் இருபது கோடிக் குழந்தைகளின் ரத்தத்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோகிற அளவு உலோகம் இருக்கிறது. அத்தனையும் குழந்தைகளின் வாய்க்குப் போகப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பாட்டரியில் எத்தனை சதவீதம் வெளியே சிந்தினால் பரவாயில்லை என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

இனி ஊர்களுக்கு வருகிறேன். லுசாகாவிலிருந்து வடக்கே தாமிரச் சுரங்கப் பகுதிக்குப் போகும் பெரிய சாலையில் சுமார் 140 கிலோமீட்டரில் காப்வே என்றொரு நகரம். வெள்ளைக்காரன் காலத்தில் அதற்குப் பெயர் புரோக்கன் ஹில். ஆதி மனிதனின் புகழ்பெற்ற மண்டையோடு ஒன்று 1921-ல் கிடைத்தது இந்தச் சுரங்கத்தில்தான். கிட்டத்தட்ட 90 வருஷம் ஈயமும் துத்தநாகமும் தோண்டி, அங்கேயே உருக்கி, 1994-ல் மூடினார்கள். சுரங்கத்தை மூடினார்கள், கசடு மேட்டை மூடவில்லை. மே மாதம் மழை நின்று நவம்பர் வரை அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. ஆகஸ்டிலிருந்து காற்று. அந்தக் காற்று தூசியைக் குடியிருப்புகளுக்குள் கொண்டுபோகும். கசாண்டா, மகுலுலு, சோவா என்று அந்தக் குடியிருப்புகளுக்குப் பெயர்.

ஜாம்பியப் பல்கலைக்கழகத்தினரும் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து இந்த மூன்று இடங்களிலும் சின்னக் குழந்தைகள் 246 பேருடைய ரத்தத்தைப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. 5-க்குக் கீழே ஒரு குழந்தை கூட இல்லை. சிலருக்கு 100-ஐத் தாண்டியிருந்தது. நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 76,000 பேர், ஈயம் கலந்த மண்ணில் குடியிருக்கிறார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2019-ல் எழுதியது.

கோபுர வேலையாக நான் மாதம் ஒரு முறையாவது காப்வே வழியாகப் போவேன். எங்கள் டிரைவருடைய அக்கா கசாண்டாவில் இருக்கிறார். ஒரு முறை அங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். முற்றத்தில் புல் ஒன்றும் இல்லை, செம்மண்தான். இரண்டு வயசுப் பிள்ளை மண்ணில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பாடான 'ந்ஷீமா' என்ற சோள மாவுக் களியைக் கையால் உருட்டித் தின்றுகொண்டிருந்தது. நம் வீட்டுக் குழந்தை மாதிரியேதான், பாதி வாயில், பாதி தரையில், தரையில் விழுந்தது திரும்ப வாயில். அந்த அம்மா பெருக்குவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்தார். நம் ஊர் வழக்கம் போல இருக்கிறதே என்று கேட்டேன். வழக்கம் இல்லை, தூசி எழும்பக் கூடாதென்று கிளினிக்கில் சொல்லிக்கொடுத்தது என்றார். "பிள்ளையை மண்ணில் விடாதே என்கிறார்கள். வீடு இரண்டு அறை, பிள்ளைகள் ஐந்து பேர். எங்கே கொண்டுபோய் வைப்பேன்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தண்ணீரும் அங்கே குடம் குடமாகச் சுமந்துதான் கொண்டுவர வேண்டும். தெளிப்பதற்கும் அதே தண்ணீர்தான்.

சுத்தம் செய்யும் முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உலக வங்கிப் பணத்தில் 2003-லிருந்து ஒரு திட்டம், 2016-ல் ஒப்புதலான இன்னொரு திட்டம். சில வீடுகளில் மேல்மண்ணை அள்ளிவிட்டு நல்ல மண் போட்டார்கள், குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். ஆனால் கசடு மேடு அப்படியே இருக்கும்போது மேல்மண்ணை மாற்றினால் அடுத்த காற்றுக் காலத்தில் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனத்தின் தென்னாப்பிரிக்கக் கிளைமேல் 2020 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்தில் காப்வே மக்கள் சார்பில் வழக்குத் தொடர மனுப் போட்டார்கள். அந்தச் சுரங்கத்தின் உரிமையாளரும் நாங்கள் இல்லை, நடத்தியவரும் நாங்கள் இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2023 டிசம்பரில் மனு தள்ளுபடியானது, பிறகு மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைத்தது. தொண்ணூறு வருஷ தூசிக்கு யார் பொறுப்பு என்று சட்டம் எப்போது முடிவு சொல்லும், பார்ப்போம்.

காப்வே பழைய பாவம் என்று சொல்லலாம். ஆப்பிரிக்க நகரங்களில் இப்போது புதிதாக ஈயம் எங்கிருந்து வருகிறது? உலகத்தில் தயாராகும் ஈயத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பாட்டரிக்குத்தான் போகிறது. ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: பாட்டரி செத்த பிறகு எங்கே போகிறது?

செனகல் நாட்டில் டக்கார் நகரின் ஓரத்தில் கடற்கரையை ஒட்டித் தியரோய் சுர் மேர் என்றொரு பகுதி. அங்கே ஒரு தெருவில் வருஷக்கணக்காகப் பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். மிச்சம் மணலில் கலந்து கிடந்தது, யாரும் கவலைப்படவில்லை. 2007-ல் லண்டன் சந்தையில் ஈயம் டன் 4,000 டாலரை நெருங்கியது. திடீரென்று அந்த மணலுக்கே விலை வந்துவிட்டது. பெண்கள் மணலை அள்ளி, சாக்கில் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்து, கிடைத்த ஈயத் துணுக்கைக் கிலோ கணக்கில் விற்றார்கள். வாங்க வந்தவர்களில் இந்திய வியாபாரிகளும் இருந்தார்கள் என்று அப்போதைய பத்திரிகைச் செய்தி சொன்னது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஒரு தெருப் பகுதியில் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். பிறகுதான் மருத்துவர்கள் வந்து ரத்தம் எடுத்தார்கள். சோதித்த 50 குழந்தைகளில் மிகக் குறைந்த அளவே 39.8. சராசரி 129.5. மிக அதிகம் 613.9. வெளி மண்ணில் சில இடத்தில் கிலோவுக்கு 302 கிராம் ஈயம், அதாவது மண்ணில் முப்பது சதவீதம் உலோகம். சில சுரங்கங்களில் தாதுவே இந்தத் தரத்தில் கிடைக்காது.

கென்யாவின் மொம்பாசா நகரில் ஓவினோ உஹுரு என்ற குடிசைப் பகுதியில் நடந்தது வேறு மாதிரி. அங்கே தெருவோர உலை இல்லை, உரிமம் வாங்கிய தொழிற்சாலையே குடியிருப்பை ஒட்டி இருந்தது. ஃபிலிஸ் ஒமிடோ என்ற பெண்மணி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போய், என்னென்னவோ பார்த்து, கடைசியில் ரத்தத்தில் ஈயம் என்று தெரிந்தது. அவர் வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் ஆட்களைச் சேர்த்தார், கைதும் ஆனார். 2014-ல் தொழிற்சாலை நின்றது. 2015-ல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது. 2020-ல் மொம்பாசா நீதிமன்றம் மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. மேல் கோர்ட்டில் அது அடிபட்டு, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்ப உறுதிசெய்தது. அந்தத் தொழிற்சாலைக்கு உரிமம் கொடுத்த காகிதங்களில் யாரோ ஒரு என்ஜினீயர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இப்போது அந்த 327-க்கு வருவோம். பாட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிறவர் என்ன செய்கிறார்? கத்தியாலோ கோடாலியாலோ மேல்மூடியை வெட்டுகிறார். ஆசிட்டைத் தரையில் கவிழ்க்கிறார், அதிலேயே கரைந்த ஈயமும் துகளும் போய்விடும். தட்டுகளை எடுத்து ஒரு சட்டியில் போட்டுக் கரி அடுப்பில் வைக்கிறார். 327 டிகிரி ஒரு பெரிய சூடே இல்லை, சமையல் அடுப்பே போதும். தட்டின் சட்டமும் கம்பியும் உலோக ஈயம், அது உருகி வந்துவிடும். ஆனால் அந்தச் சட்டத்தில் அப்பியிருக்கும் பசை இருக்கிறதே, அது ஈய சல்ஃபேட்டும் ஆக்சைடும். பாட்டரியின் ஈயத்தில் ஏறக்குறைய பாதி அதில்தான். அதை உலோகமாக்க உலை வேண்டும், கரி சேர்த்து ஆயிரம் டிகிரி பக்கம் போக வேண்டும். சட்டியில் அது நடக்காது. அவர் அதைத் தட்டிக் கொட்டிவிடுகிறார். கொட்டியது காய்ந்தால் மாவு மாதிரி இருக்கும். அந்த மாவுதான் காற்றில் ஏறி முற்றத்துக்கும் பாய்க்கும் சட்டைக்கும் பிள்ளையின் கைக்கும் போகிறது. மலாவி நாட்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் போய்ப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பாட்டரியைப் பிரிப்பதில் 3.5 முதல் 4.7 கிலோ ஈயம் வெளியே சிந்துகிறது என்று கணக்கிட்டார்கள். நான் முன்னே போட்ட இருபது கோடிக் கணக்கை இப்போது திரும்ப நினைத்துப் பாருங்கள்.

அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அவர் பிள்ளைகளும் அந்த முற்றத்தில்தான் விளையாடுகின்றன. ஒழுங்கான தொழிற்சாலை என்றால் மூடிய இயந்திரத்தில் உடைக்க வேண்டும், ஆசிட்டை நடுநிலையாக்க வேண்டும், பசைக்குத் தனி உலை, புகைக்குத் துணிப்பை வடிகட்டி, தொழிலாளிக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, வேலை உடுப்பு வீட்டுக்குப் போகாதபடி அங்கேயே குளியலறை. இதற்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணத்தை எதில் பிடிப்பார்கள்? பழைய பாட்டரிக்குக் கொடுக்கிற விலையில்தான். சட்டியும் கத்தியும் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு எதுவும் இல்லாததால் கிலோவுக்குக் கூடுதலாகத் தர முடிகிறது. ஏலம் வைத்தால் ஒவ்வொரு முறையும் அவர்தான் ஜெயிப்பார். அவருக்குப் பின்னால் இருக்கும் தரகர் ஜெயிப்பார் என்பது இன்னும் சரி. மோசமாகச் செய்கிறவன் அதிக விலை தருகிற சந்தை இது, நம் எகனாமிக்ஸ் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதில் எங்கள் தொழில் எங்கே வருகிறது என்றால், 2024-ல் ஜாம்பியாவில் கடும் வறட்சி. கரிபா அணையில் தண்ணீர் இல்லை, நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். சில பகுதிகளில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் கரண்ட். ஏழெட்டு வருஷம் ஓட வேண்டிய பாட்டரி தினமும் அடிவரை காலியானால் இரண்டு வருஷத்தில் செத்துவிடும். வசதியுள்ள வீடு, கடை, சலூன் எல்லாம் இன்வெர்ட்டர் வாங்கின. சோலார் பலகை வைத்தவர்களும் மலிவான பாட்டரியைத்தான் வைத்தார்கள். மேடையில் சோலாரைச் சுத்த சக்தி என்று புகழ்ந்து பேசுகிறோம், நானும் பேசுவேன். பலகைக்கு அடியில் இருக்கிற பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லித்தியம் வந்துகொண்டிருக்கிறது, புதுக் கோபுரங்களில் அதுதான். ஆனால் ஏற்கெனவே விற்ற ஈயம் எங்கும் போய்விடவில்லை.

எங்கள் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாற்றிய பாட்டரிகள் டிப்போவில் குவியும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏலம், அதிக விலைக்காரருக்குக் கொடுப்பது என்பது வழக்கம். நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஆசிட்டோடு முழுசாகத்தான் வெளியே போக வேண்டும், வாசலில் எடை, போய்ச்சேர்ந்த இடத்தில் எடை, இரண்டும் ஒத்துப்போக வேண்டும், வாங்குகிறவரிடம் உலை இருக்கிறதா என்று நாமே போய்ப் பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவர் நல்ல மனிதர், நம் ஊர்க்காரர்தான். "தம்பி, எல்லாம் சரி, கிலோவுக்குக் குறையற பணத்தை எந்தத் தலைப்பில எழுதறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றரை வருஷம் அதிலேயே போயிற்று. கடைசியில் புது பாட்டரி வாங்கும் ஒப்பந்தத்திலேயே, சப்ளை செய்கிறவர் பழையதை எடை போட்டுத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சேர்த்தோம். பணம் வாங்குகிற விலையில் ஒளிந்துகொண்டது, தலைப்புப் பிரச்சினை தீர்ந்தது. ஐந்து டிப்போவில் இரண்டில் இப்போது அப்படி நடக்கிறது. மூன்றில் இன்னும் ஏலம்தான்.

பாட்டரி மட்டும்தானா என்றால் இல்லை. எஞ்சின் துண்டு, ரேடியேட்டர், கம்ப்யூட்டர் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் உருக்கி மணல் அச்சில் வார்க்கிற அலுமினியக் குண்டான்கள் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு உண்டு. காமரூன் நாட்டுப் பாத்திரங்களைச் சோதித்ததில் ஈயம் சமையலில் இறங்குவது 2014-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. தக்காளிக் குழம்பு மாதிரிப் புளிப்பானது கொதித்தால் இன்னும் இறங்கும். பெயிண்டும் உண்டு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயக் குரோமேட். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் பூங்காக்களில் ஊஞ்சல், சறுக்கு மரங்களிலேயே அது இருப்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த ஆஞ்செலா மதீ கண்டு எழுதினார். கேப் கடற்கரை மீனவக் குடும்பங்களில் தூண்டில் குண்டுக்காக வீட்டு அடுப்பில் ஈயம் உருக்குவதையும் அவர் குழுவினர்தான் எழுதினார்கள்.

ஒன்றில் ஜெயித்தோம், அதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல். எஞ்சின் தட்டாமல் ஓட 1920-களில் பெட்ரோலில் ஈயம் சேர்த்தார்கள், ஒவ்வொரு சைலென்சரும் ஒரு ஈயக் குழாயாக ஆனது. 2001-ல் டக்காரில் கூடி ஆப்பிரிக்க நாடுகள் நிறுத்துவதாக முடிவெடுத்தன. 2006 ஜனவரிக்குள் சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் நாடுகள் அனைத்தும் நிறுத்திவிட்டன. கடைசியாக 2021 ஜூலையில் அல்ஜீரியா. உலகத்திலேயே அதுதான் கடைசி. ஐந்து வருஷத்தில் ஒரு கண்டத்தின் பெரும்பகுதியைச் சுத்தம் செய்ய முடிந்ததற்குக் காரணம், பெட்ரோல் சில சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் வருகிறது. குழாயை அங்கே மூடினால் போதும். பாட்டரிக்குக் குழாய் எங்கே இருக்கிறது? உலை வைத்திருக்கிறவரிடம் தேடினால் ஆயிரம் பேர். விற்கிறவரிடமும் மொத்தமாக வாங்குகிறவரிடமும் தேடினால் விரல் விட்டு எண்ணலாம். அந்த விரல்களில் சில நம்முடையவை, தம்பிகளா.

டாக்டர்கள் மருந்து கொடுக்க மாட்டார்களா என்று ஒருத்தர் காலையில் கேட்டார். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் மருந்து இருக்கிறது. 45-க்கு மேல் போன குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள், உயிரைக் காப்பாற்றும். மூளைக்கு ஆன சேதத்தைத் திருப்பித் தராது. நைஜீரியாவின் சம்ஃபாராவில், இது நகரமில்லை, கிராமங்கள், 2010-ல் தங்கத் தாதுவை வீட்டு முற்றத்தில் அரைத்து 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் தாதுவில் ஈயம். அங்கே போன எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பகேகா என்ற ஊரில், மண்ணைச் சுத்தம் செய்தால்தான் சிகிச்சை தொடங்குவோம் என்று பிடிவாதமாக நின்றது. மருந்து கொடுத்துவிட்டு அதே முற்றத்துக்குத் திருப்பி அனுப்பினால் வீண் என்பது அவர்கள் வாதம். 2013-ல்தான் சுத்தம் நடந்தது. அந்த மூன்று வருஷம் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆப்பிரிக்கா அப்படித்தான் என்று ஒருத்தர் சொன்னால், ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்ற நம் பழமொழியைத்தான் அவருக்குச் சொல்வேன். 2020-ல் யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் கொடுத்த மதிப்பீட்டின்படி உலகத்தில் 80 கோடிக் குழந்தைகள் வரை 5-க்கு மேல் ஈயம் சுமக்கிறார்கள். அதில் இந்தியக் குழந்தைகள் சுமார் 27.5 கோடி. நம் நாட்டில் பாட்டரியைத் திரும்ப எடுக்கும் விதிகள் 2001-லேயே வந்தன, 2022-ல் புதுசாகவும் வந்தன. காகிதத்தில் நன்றாக இருக்கின்றன.

நேற்றுச் சாயங்காலம் பழைய நினைவில் நம் கம்ப்யூட்டர் சென்டர் பக்கம் போனேன். யு.பி.எஸ். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நாற்பது பாட்டரிகள் அடுக்கியிருந்தன, எண்ணிப் பார்த்தேன். ஸ்டோர் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். "இதெல்லாம் எங்கே அண்ணே போகும்?" என்று கேட்டேன். "டென்டர் விடுவோம்பா. காயலான் கடைக்காரங்க நாலு பேர் வருவாங்க, யார் ஜாஸ்தி கேக்கறாங்களோ அவங்களுக்கு" என்றார். கடைக்காரர் எங்கே கொண்டுபோகிறார் என்றேன். "அது நமக்கு எதுக்கு?" என்றார். அவர் மேல் தவறில்லை, டென்டர் படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

முதல்வர் ஐயாவிடம் காலையிலேயே பேசிவிட்டேன், உடன்பட்டார். எங்கள் இரண்டு டிப்போவில் ஓடுகிற அந்த ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் எழுதி, எலக்ட்ரிகல் மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் நாலு பேரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த டென்டர் தை மாதத்துக்குப் பிறகு. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் யார் யார், இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், கிலோவுக்கு எவ்வளவு குறையும் என்று அவர்கள் விசாரித்து எழுதப்போகிறார்கள். குறைகிற தொகையை இந்த முறை எங்கள் 2010 செட் ஏற்றுக்கொள்கிறது. செட் நண்பர்களிடம் இன்னும் கேட்கவில்லை, இங்கேதான் சொல்கிறேன், முன்வரிசையில் இருப்பவர்கள் முறைக்க வேண்டாம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். யானைப் படங்கள் ஆறு மணிக்கு, செமினார் ஹாலில்.